எண்ணுக்குக் காவல் வைத்தவர்: ஹான்ஸ் பீட்டர் லூன்

சென்ற பருவத்தில் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவைச் சொல்லிவிட்டுத்தான் இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டும். ஆய்வேட்டுக்காக ஓர் ஆவணக் களத்திலிருந்து பெரிய அளவுத் தகவல் ஃபைல் ஒன்றை விடுதி அறையில் டவுன்லோடு செய்தேன். இரவில் மூன்று முறை இணைப்பு அறுந்தது. நானும் விடாக்கண்டனாக, மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்தேன். பிரௌசர், வேலை முடிந்தது என்று பச்சைக் குறி காட்டியது. ஃபைலின் அளவும் ஒரு பைட் குறையாமல் சரியாக இருந்தது. பதினைந்து நாள் கணக்குப் போட்டு வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அரை நிமிஷம் பார்த்தார். கோட்டின் நடுவில் இருந்த ஒரு படிக்கட்டின்மேல் விரலை வைத்தார். இயற்கையில் அப்படி ஒரு படிக்கட்டு இருக்க நியாயமே இல்லை.

நடந்தது இதுதான். இரவுக்கும் காலைக்கும் இடையே அந்தக் களத்தார் பழைய ஃபைலை எடுத்துவிட்டுத் திருத்திய பதிப்பை அதே பெயரில், அதே அளவில் வைத்திருக்கிறார்கள். அறுந்த டவுன்லோடைத் தொடரும்போது பிரௌசர் கேட்பது, இத்தனையாவது பைட்டிலிருந்து மிச்சத்தைக் கொடு என்பதுதான். கொடுக்கப்படும் மிச்சம் பழைய ஃபைலின் மிச்சந்தானா என்று ஒப்பிட்டுக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடு இரு பக்கமும் ஒழுங்காக இருந்தால்தான் பலிக்கும். என் விஷயத்தில் பலிக்கவில்லை. தலை ஒருவருடையது, உடல் வேறொருவருடையது என்று விக்கிரமாதித்தன் கதையில் வருமே, அதுபோல ஒரு ஃபைல் என் கையில் இருந்தது. களத்தின் பக்கத்தில் ஃபைலுக்குக் கீழே 64 எழுத்தில் ஒரு நீண்ட குறியும் அச்சிட்டிருந்தது. அதை ஏறெடுத்தும் பார்க்காதது என் குற்றம்.

அந்தக் குறிக்கு மூலபுருஷர் யார் என்று தேடிப் போனபோது கிடைத்தவர்தான் ஹான்ஸ் பீட்டர் லூன்.

அவர் ஜெர்மனி தேசத்தில் பார்மென் என்னும் ஊரில் 1896-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி பிறந்தார். அவ்வூர் பின்னாளில் வுப்பர்டால் நகரத்தோடு இணைந்துவிட்டது. தகப்பனார் அச்சுத் தொழிலில் பெயர் பெற்றவர். பிள்ளையும் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே தொழிலைக் கற்க சுவிட்ஸர்லாந்துக்குப் போனார். ஈய எழுத்துக்களைக் கோக்கும் அச்சுக்கூடத்தில் இரண்டு எழுத்து இடம் மாறினால் என்ன விபரீதம் விளையும் என்பதைச் சிறு வயதிலேயே பார்த்திருப்பார் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். இது என் ஊகந்தான். ஆனால் இடம் மாறிய குறிகளைப் பிடிப்பதே அவருடைய பிற்காலப் புகழுக்கு ஒரு காரணம் ஆயிற்று.

முதல் உலகப் போர் அந்தப் படிப்பை நடுவில் அறுத்துவிட்டது. ஜெர்மானியப் படையில் தகவல் தொடர்பு அதிகாரியாகப் பணி செய்தார். போர் முடிந்த பிறகு ஜவுளித் தொழிலில் புகுந்தார். அத்தொழிலே அவரை 1920-களில் அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்தது.

அங்கே அவர் செய்த கருவி ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று அறிய, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ணுவது வழக்கம். கண் நோகும், எண்ணிக்கையும் தவறும். லூன், மெல்லிய கோடுகள் நெருக்கமாக வரையப்பட்ட ஒரு தகட்டைத் துணிமேல் வைத்தார். இழையும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அலை போன்ற நிழலுருவம் எழும். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அதே உருவம். அந்த நிழல் தகட்டில் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அதற்கு எதிரே உள்ள எண்தான் இழைக் கணக்கு. கருவிக்குத் தம் பெயரையே வைத்து லூனோமீட்டர் என்றார். ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகத் தொடாமல், மொத்தத்திலிருந்து ஒரே ஓர் அடையாளத்தை எழுப்பிக் காண்பது! அவர் வாழ்நாள் முழுவதும் செய்தது இந்த ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் பிறகு தனியாகப் பொறியியல் ஆலோசகராக இருந்தார். வாழ்நாளில் எண்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். வீட்டில் இருக்கும் பானங்களைக் கொண்டு எந்தெந்தக் கலவை மதுவைத் தயாரிக்கலாம் என்று காட்டும் ஒரு கருவியும் அவர் கற்பனையில் உதித்தது. (விடுதி நண்பர்கள் இந்த வாக்கியத்தை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியதில்லை.)

1941-ல், நாற்பத்தைந்தாம் வயதில், ஐ.பி.எம். கம்பெனியில் ஆராய்ச்சிப் பொறியாளராகச் சேர்ந்தார். கணிதத்தில் பெரிய பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. கைத்திறனும் கவனமுமே மூலதனம். 1947-ல் ஜேம்ஸ் பெர்ரி, மால்கம் டைசன் என்னும் இரு ரசாயன அறிஞர்கள் அவரை நாடி வந்தார்கள். பல்லாயிரம் ரசாயனக் கூட்டுப்பொருள்களின் பட்டியலில் வேண்டியதை யந்திரம் தேடித் தர முடியுமா என்பது அவர்கள் கேள்வி. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அதற்கென ஒரு தேடு யந்திரத்தை வடித்துக் கொடுத்தார். அது முதல், எண்ணிக் கூட்டும் யந்திரத்தைத் தேடிக் கொடுக்கும் யந்திரமாக மாற்றுவதே அவர் வேலையாயிற்று.

1953 ஜனவரியில் கம்பெனிக்குள் ஒரு குறிப்பு எழுதினார். சாரம் இது: ஆயிரமாயிரம் எண்களை ஒரே வரிசையில் அடுக்கித் தேடுவதைவிட, அவற்றைப் பல தொட்டிகளில் பிரித்துப் போட்டு வைக்கலாம், எந்த எண் எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண்ணையே கொண்டு கணக்கிடலாம். ஓர் உதாரணம் பார்ப்போம். 1234567890 என்ற எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் கூட்டி, கூட்டுத்தொகையில் பத்தாம் இடத்தை விட்டுவிட்டால் 3, 7, 1, 5, 9 கிடைக்கும். 37159 என்பது தொட்டியின் விலாசம். மறுபடி அந்த எண்ணைத் தேடும்போது அதே கணக்கைப் போட்டு நேரே அந்தத் தொட்டிக்குப் போய்விடலாம். இன்று ஹாஷ் என்று கணிப்பொறி மாணவர்கள் சொல்வதன் பிறப்பு இதுவே. கொத்திக் கிளறுவது என்ற பொருளுடைய அந்தச் சொல் மட்டும் அவருடையது அன்று. அது 1960-களின் இறுதியில்தான் அச்சில் நிலைத்தது. ஐ.பி.எம்.மிலேயே வேறு சிலரும் அக்காலத்தில் இதே யோசனையைத் தனியாக எட்டினார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இந்தத் தொட்டி முறையில் 12 என்பதை 21 என்று மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 3-தான். ஆகவே தேடுவதற்கு உதவும் முறை, சரிபார்ப்பதற்கு உதவாது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1954 ஜனவரி 6-ந் தேதி, அதே மனிதர் இந்த ஓட்டையை அடைக்கும் வேறொரு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1960 ஆகஸ்டில் அது வழங்கப்பட்டது. கணிப்பொறி அன்று, கையில் வைத்துத் திருப்பும் சிறிய சக்கரக் கருவிதான். அந்நாளில் வாடிக்கையாளர் எண், கணக்கு எண் இவற்றையெல்லாம் குமாஸ்தாக்கள் கையால் பெயர்த்து எழுதுவார்கள். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதுவதும், அடுத்தடுத்த இரண்டை மாற்றிப் போடுவதும் சகஜமாக நடக்கும் பிழைகள்.

6047 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வெறுமே கூட்டினால் 17. நடு இலக்கங்களை மாற்றி 6407 ஆக்கினாலும் 17-தான், பிழை அகப்படாது. லூன், வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்கச் சொன்னார். 7 என்பது 14. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 5. அடுத்த 4 அப்படியே இருக்கட்டும். 0 இரட்டித்தாலும் 0. 6 அப்படியே. மொத்தம் 15. இதை 20 ஆக்க இன்னும் 5 வேண்டும்; அந்த 5-ஐ எண்ணின் கடைசியில் ஒட்டி 60475 ஆக்குக. மாற்றி எழுதிய 6407-க்கோ மொத்தம் 19, வேண்டுவது 1. கடைசி இலக்கம் ஒத்துப்போகாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ஒற்றை இலக்கப் பிழை எதுவும் இதற்குத் தப்பாது. பக்கத்துப் பக்கத்து மாற்றத்தில் 09, 90 என்ற ஒரு ஜோடி மட்டுமே கண்ணை மறைத்துப் போகும். நம் பையில் இருக்கும் ஏ.டி.எம். அட்டை எண்ணின் கடைசி இலக்கமும், கைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணின் கடைசி இலக்கமும் இந்தக் கணக்கில் வந்தவையே. ஐயமுள்ள நண்பர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் நேரத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் எண்ணைத் தேடுவதற்காகச் சுருக்கியதும், ஓர் எண்ணைக் காப்பதற்காக இலக்கம் ஒட்டியதும் ஓராண்டு இடைவெளியில் ஒரே மூளையில் எழுந்தவை. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. அவர் காலத்தில் ஃபைல்கள் கடல் தாண்டி அறைக்குள் வந்து விழவில்லை அல்லவா?

பிற்பகுதியில் அவர் கவனம் எண்களைவிட்டு எழுத்துக்குத் திரும்பியது. விஞ்ஞானக் கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று யந்திரத்தை எண்ண வைத்து, முக்கியமான வாக்கியங்களை அதுவே பொறுக்கிச் சுருக்கம் எழுதும் முறையை 1958-ல் வெளியிட்டார். கட்டுரைத் தலைப்பின் ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் சுற்றியுள்ள சொற்களோடு அகரவரிசையில் நிறுத்தும் சொல்லடைவையும் அமைத்தார். ரசாயனப் பத்திரிகைகளின் தலைப்புகளைத் தேட 1960-களில் அது பெரிதும் பயன்பட்டது. 1961-ல் ஐ.பி.எம்.மிலிருந்து ஓய்வு பெற்றார். அமெரிக்க ஆவணவியல் கழகத்தின் தலைவராக இருக்கையிலேயே, 1964 ஆகஸ்ட் 19-ந் தேதி, அறுபத்தெட்டாம் வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற இரண்டு இழைகளையும் முறுக்கிக் கயிறாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். எவ்வளவு பெரிய ஃபைலானாலும் சிறிய ஒரே அளவுக் குறியாகச் சுருக்க வேண்டும். அதே சமயம் எங்கே ஒரு பிட் மாறினாலும் குறி அடையாளம் தெரியாமல் மாறிவிட வேண்டும். 1992-ல் வெளியான எம்.டி.5 இந்த வேலையைச் செய்தது. ஒரே குறி வரும் இரு வேறு ஃபைல்களை வேண்டுமென்றே உண்டாக்க முடியும் என்று 2004-ல் சீன ஆராய்ச்சியாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டிவிட்டார்கள். தற்செயல் பிழையைப் பிடிக்க அது இன்னும் போதும். வஞ்சகத்துக்கு எதிரே நிற்காது. ஷா-256 என்பதே இப்போது பரவலாக இருப்பது. என் ஃபைலின் கீழே அச்சிட்டிருந்த 64 எழுத்தும் அதுதான். லூனின் கடைசி இலக்கமோ, கைதவறுதலுக்கு மட்டுமே காவல். வேண்டுமென்றே பொய் எண் எழுதுகிறவன் அதையும் கணக்கிட்டே எழுதுவான்.

இணையப் போக்குவரத்திலேயே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 16 பிட் சரிபார்ப்பு உண்டே, அது என்ன செய்தது என்று கேட்கலாம். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. பழைய ஃபைலின் பொட்டலங்களும் பழுதில்லை. புதியதின் பொட்டலங்களும் பழுதில்லை. பழுது இரண்டும் சேர்ந்த தையலில் இருந்தது. அதைக் காண முழு ஃபைலையும் ஒருசேரப் பார்க்கும் கண் வேண்டும்.

பேராசிரியர் அறையிலிருந்து திரும்பியதும் பழைய ஃபைலுக்கு அந்தக் குறியைக் கணக்கிட்டேன். லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை; ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. களத்தில் இருந்த குறியோடு முதல் எழுத்திலேயே முரண்பட்டது. மறுபடி முதலிலிருந்து டவுன்லோடு செய்தேன். இம்முறை ஆய்வகத்தில், இணைப்பு அறாத இடத்தில். 64 எழுத்தும் ஒத்துப்போயின. கணக்கைத் திரும்பப் போட இன்னொரு பதினைந்து நாள் பிடித்தது. புது வரைபடத்தில் படிக்கட்டு இல்லை.