தொட்டுப் பார்த்த கை – டாக்டர் பால் பிராண்ட்



ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் திருமலைராயன்பட்டினத்துச் சாலை காவி நிறமாகிவிடும். காரைக்காலைக் கடந்து, நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணித் தாயிடம் செல்லும் நடைப்பயணிகள் இரவும் பகலும் நம் ஊர் வழியே போவார்கள். அவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுப்பதை ஒரு பாக்கியமாகவே நாம் கருதி வருகிறோம்.

அப்படி ஓர் ஆண்டு ஒரு குழு வந்து நிழலில் அமர்ந்தது. இளைஞர்கள் பலர் காலில் கொப்புளம் கண்டு நொண்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு பெரியவர் மட்டும் செருப்பில்லாத காலோடு நேராக நடந்து வந்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றியபோதுதான் பார்த்தோம், அவருடைய உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அதைப் பிடுங்கியபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மாதாவின் புண்ணியத்தால் காலில் வலியே தெரியவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். நாமும் வியந்தோம். மஞ்சள் வைத்து ஒரு கட்டுப் போட்டு அனுப்பிவிட்டோம். நொண்டி வந்த பிள்ளைகளுக்காகத்தான் இரக்கப்பட்டோம்.

உண்மையில் யாருக்காகக் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது, ஒரு மருத்துவரின் வாழ்க்கையைப் பின்னர் வாசித்தபோதுதான் நமக்குப் புரிந்தது. அவர் பெயர் டாக்டர் பால் பிராண்ட். அவர் கத்தோலிக்கர் அல்லர்; பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ஆனால் நற்செய்தியில் நம் ஆண்டவர் தொழுநோயாளரைத் தொட்ட அந்த ஒரு செயலைத் தன் வாழ்நாள் ஆய்வாகவே ஆக்கிக்கொண்டவர்.

பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று நம் தமிழகத்தின் கொல்லிமலையில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி, தாய் எவலின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மறைப்பணியாளர்கள். மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுப்பது, பள்ளி நடத்துவது, வீடு கட்டக் கற்றுக்கொடுப்பது என எல்லாவற்றையும் அவர்களே செய்தார்கள். ஒருநாள் தொழுநோயாளர் மூவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். தந்தை கையுறை அணிந்துகொண்டு அவர்கள் புண்களைக் கழுவிக் கட்டினார். ஆனால் பிள்ளைகள் அருகே வரக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். எதற்கும் அஞ்சாத தன் தந்தை அன்று அஞ்சியதைச் சிறுவன் பால் மறக்கவில்லை.

9 வயதில் படிப்புக்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை மலைக்காய்ச்சலால் இறந்துபோனார். இறப்புச் செய்தி தந்தியில் முதலில் வந்துவிட்டது. தந்தை முன்பே எழுதிய கடிதங்களோ கப்பலில் வாரக்கணக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தன. அந்தத் துயரத்தை நம்மால் ஓரளவு எண்ணிப் பார்க்க முடியும். தாய் எவலின் மனம் தளரவில்லை. முதுமையிலும் மலைமக்களை விட்டுப் பிரியாமல், 1974-இல் 95-ஆம் வயதில் இறக்கும் வரை அவர்களிடையே உழைத்தார்.

பால் முதலில் மருத்துவர் ஆக விரும்பவில்லை. தந்தையைப் போல வீடு கட்டிக் கொடுக்கும் மறைப்பணியாளராக வேண்டும் என்று 5 ஆண்டுகள் தச்சுவேலையும் கொத்துவேலையும் கற்றார். அதன் பிறகே இலண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் காயமடைந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து அனுபவம் பெற்றார். உடன் படித்த மார்கரெட்டை 1943-இல் மணந்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே தொழுநோய் வல்லுநரான டாக்டர் இராபர்ட் காக்ரேன் இருந்தார். 1947-இல் அவர் பிராண்டைச் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிராண்ட் ஒரு நோயாளரின் மடங்கிப்போன கையைத் தன் கைக்குள் வாங்கி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவற்ற பிடியாகத்தான் இருக்கும் என்று எண்ணியவர் வலி தாங்காமல் துடித்துப் போனார். அவ்வளவு பலம் அந்தக் கையில்! அந்தக் கை செத்துப்போன கை அல்ல, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன, மற்றவை நன்றாகவே இருக்கின்றன என்று அந்த நொடியில் அவர் உணர்ந்தார்.

அன்பர்களே, இங்கே சற்று நிற்போம். எத்தனையோ நூற்றாண்டுகளாக உலகம் தொழுநோயாளரைப் பார்த்தே வந்திருக்கிறது, தூர நின்று தர்மமும் போட்டிருக்கிறது. அந்தக் கைக்குள் இருந்த பலத்தை அறிய, அதைத் தொட்டுப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதுவரை எலும்பு மருத்துவ அறுவை நிபுணர்கள் யாரும் தொழுநோயாளரின் கைகால்களை முறையாக ஆராய்ந்ததில்லை என்று அறிந்து பிராண்ட் அதிர்ச்சி அடைந்தார். இலட்சக்கணக்கானோரை முடமாக்கும் நோயை யாருமே ஆராயாதது ஏன்? அவர்கள் ஏழைகள், ஒதுக்கப்பட்டவர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பிராண்டும் அவர் குழுவினரும் ஏராளமான நோயாளரின் கைகால்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொண்டார்கள். இறந்த நோயாளர் ஒருவரின் உடலை இரவோடு இரவாக ஆய்ந்து, நரம்புகள் எங்கெங்கே வீங்கியுள்ளன என்று பார்த்தார்கள். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை ஒட்டி, தோலுக்கு அருகில் குளிர்ச்சியாக உள்ள இடங்களிலேயே நரம்புகள் கெடுகின்றன என்பது தெரிந்தது. அப்படியானால் கெடாத ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலோடு இணைத்தால் என்ன? 1948 முதல் அந்த அறுவை சிகிச்சையை அவர் செய்யத் தொடங்கினார். மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன.

எதிர்ப்பும் இருந்தது. தொழுநோயாளருக்குப் படுக்கை கொடுத்தால் மற்ற நோயாளர் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் மருத்துவமனைகள் எங்கும் இருந்த காலம் அது. கெட்டுப்போன தசை, அதில் போட்ட தையல் ஆறாது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதைப் போலவே ஆறின.

அதன் பிறகு வந்த சோதனையே பெரிது. கை சரியானவர்கள் சிலர் திரும்பி வந்து வருத்தத்தோடு நின்றார்கள். மடங்கிய கையை நீட்டியபோது பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு யாரும் காசு போடவில்லை. தழும்பைப் பார்த்து வேலையோ, தங்க வீடோ கொடுக்கவும் யாரும் இல்லை. கையைச் சரிசெய்துவிட்டால் மட்டும் போதாது, மனிதரையும் சமூகத்தையும் சேர்த்துக் குணமாக்க வேண்டும் என்பதைப் பிராண்ட் கற்றுக்கொண்டார். 1951-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. சிறு குடிசைகளும் ஒரு பட்டறையும் எழுந்தன. அதில் மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தவர் அந்த அறுவை மருத்துவரே. வீணாகப் போனதாகத் தோன்றிய 5 ஆண்டுத் தச்சுவேலையை ஆண்டவர் எதற்காக வைத்திருந்தார் என்பது அப்போது விளங்கியது.

அந்தப் பட்டறையில்தான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே உலகம் நம்பியது. ஆனால் சரிசெய்த கைகளில் புதுப் புண்கள் எப்படி வருகின்றன என்று பிராண்ட் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். ஒருவர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்திருப்பார். ஒருவர் துருப்பிடித்த பூட்டைத் திறக்கையில் சாவியை எலும்பு தெரியும்வரை அழுத்தியிருப்பார். சிலருக்குக் காலையில் எழும்போது விரலில் சதை காணாமல் போயிருந்தது. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துத் தின்றதும், தூங்கியவர் அசையாதிருந்ததும் தெரியவந்தது. அதன்பின் மையத்திலிருந்து வீடு திரும்பியோர் தம்முடன் ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டியிருந்தது!

ஆக, சதையை அழித்தது நேரடியாக நோய் அல்ல, வலி தெரியாமைதான். மொலொக்காய்த் தீவின் புனித தமியானை நாம் அறிவோம். 1884-இல் கொதிநீரில் கால் பட்டும் சுடவில்லை என்பதைக் கொண்டே தமக்கும் தொழுநோய் வந்திருப்பதை அவர் உறுதியாக அறிந்தார். வலி தெரியாத அந்த நிலைதான் உண்மையான ஆபத்து என்பதைப் பிராண்டின் ஆய்வு உலகுக்கு விளக்கியது.

பிராண்டுக்கும் அப்படி ஓர் இரவு வாய்த்தது. ஒருமுறை நெடும்பயணத்தில் காய்ச்சலோடு இலண்டன் வந்து இறங்கினார். விடுதியில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது, இனி மனைவி மக்களைத் தொட முடியாது என்று இரவெல்லாம் தவித்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுரீர் என்று வலித்தது. இரயிலில் அசையாமல் உட்கார்ந்ததால் கால் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அதுமுதல் தம் நோயாளரின் தனிமையையும் புதிதாகப் புரிந்துகொண்டார்.

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார. அங்கே 1896 முதல் நோயாளருக்குப் பணி செய்துவந்தவர்கள் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியர் சபை அருள்சகோதரிகள். அங்கே பிராண்ட் பாதங்களைப் பற்றி ஆராய்ந்தார். நலமான மனிதர் நெடுந்தூரம் நடக்கும்போது வலி எடுத்த இடத்தைத் தவிர்த்து, தம்மை அறியாமலேயே நடையை மாற்றிக்கொள்கிறார். நொண்டுவதே பாதத்தைக் காக்கிறது. வலி தெரியாதவரோ ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். இந்த ஆய்வு சர்க்கரை நோயாளரின் கால்களைக் காக்கவும் உதவியது. மென்மையான காலணியும், புண்ணுக்கு மேல் போடும் மாவுக்கட்டும் எத்தனையோ பேரின் கால்களை வெட்டாமல் காப்பாற்றின. பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று 88-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அன்று நம்மைக் கடந்து சென்ற பெரியவரை இப்போது நினைத்துக்கொள்கிறோம். வலி இல்லாததை அருள் என்று அவர் நம்பினார், நாமும் நம்பினோம். அந்தக் காலோடு அவரை வேளாங்கண்ணி வரை நடக்கவிட்டோம். மருத்துவரிடம் அனுப்ப நமக்குத் தோன்றவில்லை. அந்தக் கால் என்னவாயிற்றோ!

தொழுநோய்க்கு இன்று கூட்டு மருந்து உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவரே. தொழுநோயைக் காட்டி மணமுறிவு கேட்க இடம் தந்த சட்டப் பிரிவு, கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2019-இல்தான் அது நீக்கப்பட்டது. அதுவரை அது நமக்கு வலிக்கவே இல்லை.

புனித பவுலடிகளார் திருச்சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்ற கருத்தைக் கொரிந்தியருக்கு எழுதினார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் பட்டினச்சேரிக் கரையில் ஏறியபோது நமக்கு வலித்தது. ஆனால் அன்றாடம் சிறிது சிறிதாகத் துன்புறும் உறுப்புகளின் வலி நமக்குத் தெரிகிறதா? நம் பங்கில் திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்ட நோயாளர் யார், குடும்பமே ஒதுக்கிவைத்த முதியவர் யார் என்று நாம் தேடிப் பார்த்ததுண்டா? உணர்வற்ற பாதம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உணர்வற்ற பங்கும் அப்படியே.

எனவே தோலில் வெளிறிய, உணர்வில்லாத தேமல் எங்காவது தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரவு செபம் முடிந்ததும் தங்கள் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொள்வார்களாக. அடுத்த முறை நடைப்பயணிகள் வரும்போது மோரோடு நிறுத்தாமல், அவர்கள் பாதங்களையும் குனிந்து பார்ப்போம். நொண்டுபவரை மட்டுமல்ல, நொண்டாதவரையும் கேட்போம்.

செபம்: தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரே, பிறர் வலியை உணரும் உள்ளத்தையும், அஞ்சாமல் தொடும் கரங்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.