மலை மூழ்கியது, பவளம் வளர்ந்தது!

டார்வின் என்றாலே எங்க வகுப்பில் எல்லாருக்கும் குரங்குதான் ஞாபகம் வருது. நான் எழுதப்போவது அவருடைய பவளக் கதையை.

சார்லஸ் டார்வின் 1809-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். எட்டு வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா டாக்டர். மகனையும் டாக்டருக்குப் படிக்க அனுப்பினார். அப்போ மயக்க மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடிவந்தவர், திரும்ப அந்தப் பக்கமே போகவில்லை. 1831 டிசம்பரில், 22 வயதில், பீகிள் கப்பலில் ஏறினார். ஐந்து வருஷப் பயணம். பாவம், கடல் அவருக்கு ஒத்துக்கவே இல்லை, ஒரே வாந்தி!

நடுக்கடலில் சில பவளத்தீவுகள் வளையல் மாதிரி வட்டமா இருக்கே, ஏன்? கடலடி எரிமலை வாயின் விளிம்பில் பவளம் வளர்ந்திருக்கு என்று லயல் என்ற பெரிய அறிஞர் சொல்லியிருந்தார். டார்வின் வேறு மாதிரி யோசித்தார். எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழுது. அதன் ஓரத்தில் இருக்கும் பவளம் விடாமல் மேலே வளருது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் நிற்கும். இதை யோசித்தபோது அவர் உண்மையான பவளத்திட்டு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை!

1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுக்குக் கப்பல் போனது. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்கினார்கள். ஆழம் குறைந்த இடத்தில் உயிருள்ள பவளத்தின் அச்சு கொழுப்பில் பதிந்து வந்தது. ஆழம் போகப்போக மணல்தான் ஒட்டியது. அப்போ, உயிருள்ள பவளம் மேல்பகுதியில் மட்டும்தான். ஆனால் தீவிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி, 2,000 மீட்டருக்கு மேல் கயிறு விட்டும் தரை தட்டவில்லை!

ஊர் திரும்பி லயலிடம் சொன்னார். தன் கருத்து அடிபட்டுப் போச்சே என்று லயல் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1842-ல் புத்தகம் வந்தது. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1882-ல் டார்வின் இறந்துவிட்டார். பிறகு ஃபுனாஃபுடி தீவில் 300 மீட்டருக்கு மேல் துளை போட்டும் எரிமலைக்கல் வரவில்லை.

1952-ல் பசிபிக் கடலின் எனிவெடாக் தீவில் அமெரிக்கர்கள் துளை போட்டார்கள். 1,200 மீட்டருக்கும் மேல் பவளச் சுண்ணாம்பு, அதற்குக் கீழே எரிமலைக்கல்! நம்ம அண்ணாமலை சுமார் 800 மீட்டர்தான். அதைப்போல ஒன்றரை மடங்கு கனத்துக்குச் சின்னச்சின்ன உயிர்கள் கட்டியிருக்கு. அவர் சொன்னது சரிதான் என்று தெரிய, அவர் இறந்து 70 வருஷம் ஆச்சு.

நம்ம நாட்டு லட்சத்தீவும் கடலடி மலைத்தொடர்மேல் வளர்ந்த பவளம்தான். பவளத்தின் உடம்புக்குள் வாழும் பாசிதான் அதற்குச் சாப்பாடு போடுது. 1998-லும் 2024-லும் கடல் சூடானதால் பாசி வெளியேறி, அங்கே பவளம் வெளுத்துப்போனது. கடல் மட்டமோ ஏறிக்கிட்டே இருக்கு. அந்தத் தீவுகள் தண்ணீருக்கு மேலே தெரிவது சில மீட்டர்தான்.