கரிஞ்சா: வளைந்த கால்களால் சிரிக்க வைத்தவர்

பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலும், பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கத் தோட்டங்களிலும் நாற்பது வருடங்களுக்கு மேலாக உதைபந்தாட்டம் பார்த்து வருகிறேன். எப்படிப்பட்ட ஆட்டம் மனதை நிறைக்கும் என்று இளைஞர்கள் கேட்டால் நான் கோல் கணக்குச் சொல்வதில்லை. கரிஞ்சாவின் கதையைச் சொல்வேன்.

அவரது இயற்பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ டொஸ் சான்டோஸ். 1933 ஒக்டோபர் 28 அன்று, பிரேசிலின் றியோ டி ஜெனீரோவுக்கு அப்பால், மலையடிவாரத்து பாவ் கிராண்டே என்ற ஊரில் பிறந்தார். ஒரு நெசவாலையைச் சுற்றி எழுந்த ஊர் அது. தொழிலாளர் குடியிருந்த வீடுகள் கம்பனிக்குச் சொந்தம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. கொழுந்துக்குப் பதிலாகப் பருத்தி, அவ்வளவுதான்.

கரிஞ்சா என்பது ஒரு சிறு குருவியின் பெயர். அவரது வலது கால் உள்நோக்கியும் இடது கால் வெளிநோக்கியும் வளைந்திருந்தன. ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. 14 வயதில் ஆலை வேலைக்குப் போனார். வேலையில் அக்கறை இல்லை. ஆலை அணிக்கு நன்றாக ஆடியதால் தப்பித்துக்கொண்டார்.

1953இல் றியோவின் பொட்டாபோகோ கழகம் அவரைப் பரீட்சித்துப் பார்த்தது. தேசிய அணியின் பின்கள வீரர் நில்டன் சான்டோசையே அவர் ஏமாற்றிவிட்டுப் பந்துடன் போனார். இவனை விடக்கூடாது என்று நில்டனே கழகத்தாரிடம் சொன்னாராம்.

அவரிடம் இருந்த வித்தை பெரும்பாலும் ஒன்றுதான். இடப்பக்கம் சாய்வதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்வார். எதிராளிக்கும் அது தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். இருந்தும் எதிராளி ஏமாறுவார். சில வேளை நின்று, அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து மறுபடியும் ஏமாற்றுவார். 1958இல் மெக்சிகோவில் ஆர்ஜென்டீனாவின் றிவர் பிளேட் அணியுடன் ஆடியபோது, காளைச்சண்டையில் கத்துவதுபோல் சனம் ஒவ்வொரு தடவையும் ஓலே என்று கத்தியது. வரப்போவதைத் தெரிந்துகொண்டே வியந்து நிற்பதைத்தான் நான் நிறைவு என்கிறேன்.

அதே ஆண்டு சுவீடனில் நடந்த உலகக் கிண்ணத்தில் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அவரை இறக்கவில்லை. மூன்றாவதில் பெலேயுடன் சேர்ந்து இறங்கினார். பிரேசில் கிண்ணத்தை வென்றது. அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை. 1962இல் சிலியில் பெலே காயப்பட்டு வெளியேற, கரிஞ்சா அணியைச் சுமந்தார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல். மீண்டும் கிண்ணம்.

மக்களின் மகிழ்ச்சி என்று பிரேசில் அவரை அழைத்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியில் அவருக்குக் கிடைத்த பங்கு கொஞ்சம். தொகை எழுதாத ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வைப்பாராம், மீதியைக் கழகம் நிரப்பிக்கொள்ளும். முழங்கால் பழுதானது. குடி பிடித்துக்கொண்டது. 1966இல் ஹங்கேரியிடம் பிரேசில் தோற்றது. தேசிய அணிக்கு அவர் ஆடிய 50 ஆட்டங்களில் தோற்றது அது ஒன்றுதான், கடைசி ஆட்டமும் அதுதான்.

1983 ஜனவரி 20 அன்று, 49 வயதில், குடியால் உடல் கெட்டு இறந்தார். உடலை மரக்கானா மைதானத்தில் வைத்துப் பின் சொந்த ஊர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். பார்க்கப் பெருஞ்சனம் திரண்டது.

அதே வருடம் யூலையில் பதுளை நகரம் எரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் மலையகத்துக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. யுத்தம் அங்கும் அவர்களை விடவில்லை. போனவர்களில் பந்து உருட்டத் தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

இன்றும் தேயிலைச் சரிவில் வெட்டிய சிறு திடலில் ஒரு பையன் ஒரே வித்தையால் மூன்று பேரை ஏமாற்றினால் நானும் சேர்ந்து கத்துகிறேன். ஆட்டம் முடிந்ததும் அவனுக்குச் சப்பாத்து இருக்கிறதா, பாடசாலைக்குப் போகிறானா என்று விசாரிக்கிறேன். கரிஞ்சாவை அப்படி விசாரிக்க ஆள் இருந்திருந்தால் இன்னும் சில வருடங்கள் ஆடியிருப்பார்.