பேராசிரியர் வில்லியம் பாரிஷ்

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களைக் கண்டோர், அவை ஒரு கல்லின்மேல் மற்றொரு கல்லை அடுக்கிக் கட்டியவை அல்ல என்பதை அறிவர். நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, வேண்டாதவற்றைக் களைந்து, வேண்டியதை நிறுத்தினர் அக்காலத்துச் சிற்பிகள். அங்கே இணைப்பு என்பதே இல்லை. அவ்விடத்திலிருந்து கடற்கரையோடு சில கல் தொலைவு தெற்கே சென்றால் கல்பாக்கத்தை அடைவோம். 1983ஆம் ஆண்டில் முதன்முதல் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையம் அங்கு உள்ளது. அதன் இயல்போ முற்றிலும் வேறு. எண்ணிறந்த குழாய்த் துண்டுகளை வளைத்தும் பற்றவைத்தும் இணைத்தாலன்றி, அத்தகைய நிலையம் ஒரு கணமும் இயங்காது. ஒருவர் எண்ணியதை, அவரை ஒருநாளும் காணாத மற்றொருவர் கையால் பொருத்த வேண்டியிருக்கிறது. இவ்விருவர்க்கும் இடையே தூதாக நிற்பது ஐசோமெட்ரிக் படம் எனப்படும் ஒரு தாள். அம்முறையை விதிப்படி வகுத்துத் தந்த பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

வில்லியம் பாரிஷ் 1759ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வட எல்லையிலுள்ள கார்லைல் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு குருவானவர். பொருள் வளம் மிகுதியாக இல்லாத மாணவர்க்குக் கட்டணம் குறைத்து இடமளிக்கும் வழக்கம் கேம்பிரிட்ஜில் அந்நாளில் இருந்தது. அவ்வழியிலேயே அவர் மாடலின் கல்லூரியிற் சேர்ந்தார். 1778இல் கணிதத் தேர்வில் அனைவர்க்கும் முதல்வராகத் தேறினார். பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியராயும், நகரிலுள்ள புனித ஜைல்ஸ் ஆலயத்தின் குருவாயும் பல்லாண்டு பணியாற்றினார்.

1794இல் அவருக்கு வேதியியற் பேராசிரியர் பதவி கிடைத்தது. கிடைத்த பதவியிலோ ஒரு சங்கடம் இருந்தது. அப்பாடத்தை வேறொரு பேராசிரியர் முன்னரே கற்பித்து வந்தார். மற்றொருவராயின் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்திருப்பர். அக்காலத்துப் பேராசிரியர் சிலர்க்கு அது பழக்கமான தொழிலே. பாரிஷ் அங்ஙனம் செய்யாது, கலைகளும் கைத்தொழில்களும் என்னும் புதுப் பாடத்தைத் தொடங்கினார். சுரங்கம், ஆலை, நீராவிப் பொறி, நெசவு ஆகியவற்றைப் பல்கலைக்கழக மாணவர்க்கு முறையாகக் கற்பிக்கத் துணிந்தார்.

சொல்லால் மட்டும் பொறிகளை விளக்க இயலாதென அவர் கண்டார். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மாதிரி செய்து வைப்பதானால் பொருளும் போதாது, இடமும் போதாது. ஆதலின் பற்சக்கரங்கள், அச்சுகள், சட்டங்கள், பிடிப்புகள் ஆகியவற்றை ஒன்றற்கொன்று பொருந்தும்படி செய்து வைத்துக்கொண்டார். இன்று வேண்டும் பொறியை அவற்றாலேயே கட்டி இயக்கிக் காட்டுவார். மறுநாள் அதைப் பிரித்து வேறொன்று கட்டுவார். நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுத் துண்டுகளால் தேரும் பாலமும் மாறி மாறிக் கட்டுவது இதனை ஒக்கும்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. விரிவுரைக்கு முன்னே பொறியைக் கட்டி வைக்க வேண்டியவர் உதவியாளர். பாரிஷ் அருகில் இல்லாதபோது அவர் எதைப் பார்த்துக் கட்டுவார்? ஓவியர் வரைவதுபோல் வரைந்தால், தொலைவிலுள்ளது சிறுத்துப் போகும். கண்ணுக்கு இனிது, ஆனால் அதன்மேல் அளவுகோலை வைக்க இயலாது. மேற்பார்வைப் படம், பக்கப் படம் எனத் தனித்தனியே வரைந்தால் அளவு சரியாக இருக்கும். ஆனால் அவற்றை மனத்திலே ஒன்றுகூட்டிப் பார்க்கப் பயிற்சி வேண்டும்.

கனசதுரப் பெட்டி ஒன்றை அதன் மூலைக்கு நேரே, எதிர்மூலையை நோக்கிப் பார்ப்பதாகக் கொள்வோம். மூன்று முகங்களும் ஒத்த அளவிலே தோன்றும். அம்மூலையிற் கூடும் மூன்று விளிம்புகளும் தம்முள் 120 பாகை விலகி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்திற் சுருங்குவதால், மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். இதுவே பாரிஷ் கண்ட வழி. இணைகோடுகளால் வரையும் வழக்கம் அவர்க்கு முன்னரும் பல நாடுகளில் இருந்ததுண்டு. எனினும் அதற்கு விதிகளையும் பெயரையும் தந்து நிலைநாட்டியவர் அவரே. 1819இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தின் முதல் தலைவரான அவர், மறு ஆண்டில் அச்சங்கத்தின் முன் இதனைப் படித்தார். 1822இல் அக்கட்டுரை அச்சேறியது.

இனி இம்முறை குழாய்த் தொழிலிற் புகுந்து அடைந்த மாற்றமே நமக்கு மிக்க வியப்பைத் தருவது. பாரிஷ் எந்த நன்மையைக் கருதி இதனை வகுத்தாரோ, அந்நன்மையையே குழாய்ப் பொறியாளர் கைவிட்டனர்! அவர்தம் தாளில் குழாய் ஒற்றைக் கோடாக நிற்கும். நீண்ட குழாய் குறுகியும், சிறு துண்டு நீண்டும் வரையப்படலாம். ஆதலின் அத்தாளில் அளவுகோலை வைத்தல் ஆகாது. கோடு திசையை மட்டும் சொல்லும். நீளத்தைச் சொல்வது எழுதிய எண்ணே. வடதிசை காட்டும் அம்பு இல்லையேல் தாள் முழுதும் பயனற்றது. எல்போ என்னும் வளைவுக்கு அளவு கூறுமிடத்து, அதன் வெளிவிளிம்பை அன்று, இரு குழாய்களின் நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளியையே கொள்வர். பிளேஞ்சுகளின் இடையிலே வைக்கும் காஸ்கெட்டின் கனத்தைத் தனியே குறிப்பர். தரைமட்டத்தினின்று உயரம், நீர் ஓடும் திசை, சரிவு, பட்டறையிலே பற்றவைப்பது எது, இடத்திலே பற்றவைப்பது எது என்பனவெல்லாம் எழுதப்பட வேண்டும். மூன்று திசைகளில் எதனோடும் ஒத்துச் செல்லாது சாய்ந்தோடும் குழாயின் உண்மை நீளம் இப்படத்திலே தோன்றாது. அது இம்முறைக்கு இயல்பான குறை. அதனை நீக்கக் கோடிட்ட முக்கோணம் ஒன்றை அருகே வரைந்து, அதன் பக்கங்களின் அளவுகளை எழுதிவிடுவர்.

எண் ஒன்று பிழைத்தால் விளைவது யாது? பட்டறையில் முடித்து வந்த துண்டு இடத்திலே பொருந்தாது. அறுத்து மீண்டும் ஒட்டினால் காலமும் பொருளும் வீண். அது சிறு தீமை. பொருந்தாததை வலிந்து இழுத்து இணைத்துவிட்டாலோ, அவ்விழுவிசை பற்றவைப்பிலே தங்கி, நாளடைவில் வெடிப்பை உண்டாக்கக்கூடும். கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் குழாய்களுள் ஓடுவது உருகிய சோடியம். அது வெளிவந்து காற்றுப் பட்டால் எரியும்; நீர் பட்டால் சீறும். அத்தகைய இடத்துக்குச் செல்லும் தாளில் மூன்றை எட்டாகப் படிக்கும்படி எழுதுவோனை நாம் எளிதில் மன்னிக்க மாட்டோம்.

1813இல் பாரிஷ் ஜாக்சோனியன் பேராசிரியரானார். அதே பாடத்தை விடாது நடத்திவந்து, 1837ஆம் ஆண்டு ஜனவரியில் உயிர் நீத்தார். அவர்க்குப்பின் அப்பதவிக்கு வந்த இராபர்ட் வில்லிஸ், கழற்றி மாட்டும் பொறித்துண்டுகளைத் தாமும் புதிதாகச் செய்வித்து, அவற்றைக் கொண்டே தம் மாணவர்க்குக் கற்பித்தார்.