ஜியார்ஜ் சைமன் ஓம்

பெளதிக வகுப்பில் மின்தடையைக் கணக்கிடுந்தோறும் நாம் ஒரு பெரியாரின் பெயரை உச்சரிக்கின்றோம். அவர் பட்ட பாட்டையோ எண்ணுகிறோமில்லை.

ஓம் என்பார் ஜெர்மனி தேசத்து எர்லாங்கன் நகரில் 1789-ம் ஆண்டு மார்ச்சு 16-ந் தேதி பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளர். தாமே முயன்று கணிதங் கற்று, மைந்தருக்கும் கற்பித்தவர். 1817-ல் ஓம் கொலோன் நகரப் பாடசாலையில் உபாத்தியாயரானார். அக்காலத்து மின்கலங்களின் வலிமை நிலைத்து நில்லாமையால், பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீராலும் மற்றதைப் பனிக்கட்டியாலும் ஒரே நிலையில் வைத்துச் சீரான மின்னோட்டம் பெற்றார். பல நீளக் கம்பிகளைச் சோதித்தார். வெப்பநிலை மாறாதவரை, ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த ஈவு மாறாது என்பது அவர் கண்ட விதி. அவ்வீவே தடை.

230 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடும் இஸ்திரிப் பெட்டியின் தடை 115 ஓம் ஆகும். அவ்விரண்டையும் பெருக்கினால் வருவது திறன். அது 460 வாட்.

இத்துணை எளிய உண்மையை அவர் 1827-ல் நூலாக வெளியிட்டபோது, சொந்த நாட்டார் பலர் மதித்திலர். மனம் நொந்து பதவியைத் துறந்தார். 1833-ல்தான் நூரம்பர்க்கில் நல்லதோர் ஆசிரியப்பதவி வாய்த்தது. 1841-ல் லண்டன் ராயல் சங்கத்தார் காப்ளி பதக்கம் அளித்தனர். 1852-ல் மியூனிக் சர்வகலாசாலைப் பேராசிரியரானவர், 1854 ஜூலை 6-ல் காலமானார். 1881-ல் பாரிஸ் மின்சார மகாநாட்டார் தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

பிறர் இகழ்ந்தபோதும் அவர் கண்ட அளவு பிழைபடவில்லை. சோதனைச் சாலையில் நாம் குறிக்கும் அளவுகளும் அவ்வாறே மெய்யாயிருப்பனவாக.