ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இப்பழமொழிக்குச் சான்றாக வாழ்ந்தவர் ஜப்பான் நாட்டு ஜிகோரோ கானோ. அவருடைய உயரம் ஏறக்குறைய 157 சென்டிமீட்டர்தான். நம் பத்தாம் வகுப்பிலேயே அவரைவிட உயரமான மாணவியர் உண்டு. அந்தச் சிறிய மனிதர் உருவாக்கிய ஜூடோ என்னும் கலையை இன்று உலகெங்கும் ஆண்களும் பெண்களும் பயில்கின்றனர். உடல் நலத்திற்கும் தற்காப்பிற்கும் பெண் பிள்ளைகள் எக்கலையைக் கற்கலாம் என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். அவர்களுக்கும் இவருடைய வரலாறு நல்லதொரு விடை தரும்.

பிறப்பும் இளமையும்

ஜிகோரோ கானோ 1860ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று கோபே நகரின் ஒரு பகுதியாக உள்ளது. அரிசியிலிருந்து மது வடிக்கும் தொழிலில் பெயர் பெற்ற வசதியான குடும்பம் அது. அவர் சிறுவனாக இருந்தபோதே அன்னை மறைந்தார். பின்னர் தந்தை அவரைத் தோக்கியோவுக்கு அழைத்து வந்து நல்ல பள்ளிகளில் சேர்த்தார். ஆங்கிலமும் பிற பாடங்களும் அவருக்கு எளிதில் வந்தன. ஆனால் படிப்பில் முதல்வனாக இருந்தவன் உடலில் மெலிந்தவனாக இருந்தான். விடுதியில் தங்கிப் படித்தபோது, வலுத்த மாணவர்கள் அவனை அடிக்கடி துன்புறுத்தினர். அறிவு எவ்வளவு இருந்தும் அடிக்கும் கையைத் தடுக்க முடியவில்லையே என்ற ஏக்கம் அவன் மனத்தில் வேரூன்றியது.

மெலிந்தவனும் வலியவனை வெல்ல வழிகாட்டும் ஜுஜுட்சு என்ற பழைய மற்கலை ஒன்று இருப்பதாக அவன் கேள்விப்பட்டான். அதைக் கற்பிக்கும்படி வீட்டிற்கு வந்துபோன பெரியவர்கள் சிலரை வேண்டினான். ஒருவரும் இணங்கவில்லை. புதிய காலத்திற்கு அது பயன்படாது என்பதே தந்தையின் எண்ணமும்.

ஆசிரியரைத் தேடி

தந்தை எண்ணியதிலும் காரணம் இருந்தது. 1868ஆம் ஆண்டில் ஜப்பானில் ஆட்சி மாறியது. சாமுராய் வீரர்களின் காலம் முடிந்தது. 1876ஆம் ஆண்டில் அவர்கள் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டது. போர்க்கலை ஆசான்களை நாடுவார் இல்லை. அவர்களுள் பலர் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்தனர். இதை அறிந்த கானோ, எலும்பு வைத்தியர்களைத் தேடித் தேடி விசாரித்தார். அத்தேடலின் பயனாக 1877ஆம் ஆண்டில் ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானிடம் மாணவரானார். அப்போது அவர் பல்கலைக்கழக மாணவர்.

ஃபுகுடாவின் கற்பிக்கும் முறை கடுமையானது. ஒரு வீச்சை எப்படிச் செய்வது என்று கானோ கேட்டால், ஆசான் விளக்கம் சொல்லமாட்டார். அவரைத் தூக்கி எறிவார். மீண்டும் கேட்டால் மீண்டும் எறிவார். உடம்பெல்லாம் காயமும் களிம்புமாகக் கானோ விடாமல் சென்று கற்றார். ஆனால் ஏன், எப்படி என்று விளக்கிச் சொன்னால் மாணவர் விரைவில் கற்பார்களே என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. பிற்காலத்தில் அவர் சிறந்த கல்வியாளராக விளங்கியதற்கு இதுவே விதை எனலாம்.

அங்கே பயின்ற மூத்த மாணவர் ஒருவர் பெருத்த உடல் கொண்டவர். கானோவால் அவரை அசைக்கவும் இயலவில்லை. கானோ சோர்ந்துவிடாமல் நூலகத்திற்குச் சென்றார். மேனாட்டு மல்யுத்த முறைகளைப் படித்தார். எதிராளியின் கீழே புகுந்து அவரைத் தோள்களின் குறுக்கே ஏற்றிச் சுழற்றி வீழ்த்தும் வழியைக் கண்டார். அதைப் பழகிப் பார்த்து, அந்தப் பருத்த மாணவரையும் வீழ்த்தினார். தோள் சக்கரம் என்று பொருள்படும் பெயருடன் அவ்வீச்சு இன்றும் ஜூடோவில் உள்ளது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். கானோவுக்கு நூலகமும் ஆயுதமாயிற்று!

ஃபுகுடா 1879இல் மறைந்தார். அடுத்து கானோ ஈசோ என்பவரிடம் கற்றார். அவரும் 1881இல் மறைந்தார். பிறகு ஈகுபோ என்ற ஆசானை அடைந்தார். முதல் இருவரும் பிடித்தல், அமுக்கிக் கிடத்தல், கழுத்தை நெருக்கல் முதலியவற்றில் தேர்ந்த மரபினர். ஈகுபோவின் மரபோ தூக்கி எறியும் வீச்சுகளுக்குப் பெயர் பெற்றது. எந்த ஒரு மரபும் தனித்து முழுமையானது அன்று என்பதைக் கானோ உணர்ந்தார்.

பன்னிரண்டு பாய்களில் பிறந்த பள்ளி

1882ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், தோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்த ஆலயத்தில் கானோ தம் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அதற்குக் கோடோகன் என்று பெயரிட்டார். நெறியைக் கற்கும் இடம் என்பது அதன் பொருள். தரையில் விரித்த பாய்கள் 12. முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் 9 பேர். ஒரு வகுப்பறையில் பாதிகூட இராத இடம் அது! மாணவர்கள் விழும் அதிர்ச்சியில் ஆலயத்தின் தரைப் பலகைகள் உடைந்தன. கானோவே இரவில் விளக்குடன் தரைக்கு அடியில் ஊர்ந்து சென்று அவற்றைச் செப்பனிட்டார்.

தம் கலைக்கு அவர் ஜூடோ என்று பெயர் வைத்தார். ஜூ என்றால் மென்மை. டோ என்றால் நெறி. மென்மையால் எப்படி வெல்வது? இதை அவர் ஒரு கணக்கைப் போல விளக்குவார். எதிராளியின் வலிமை 10, என் வலிமை 7 என்று வைத்துக்கொள்வோம். அவர் தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் தோற்பேன். நான் எதிர்க்காமல் அவர் தள்ளும் திசையிலேயே பின்வாங்கினால், அவர் நிலை தடுமாறுவார். அந்தக் கணத்தில் அவருடைய வலிமை 3 ஆகக் குறைந்துவிடும். என் 7 அப்படியே இருக்கும். முதலில் நிலை குலையச் செய்து, பிறகு வீழ்த்துவதே ஜூடோவின் அடிப்படை.

கானோ மற்றொரு பெரிய மாற்றமும் செய்தார். உயிருக்கும் உறுப்புக்கும் கேடு தரும் அடிகளையும் முறுக்குகளையும் போட்டிப் பயிற்சியிலிருந்து விலக்கி, ஒழுங்குமுறைப் பயிற்சியில் மட்டும் வைத்தார். விழும்போது கையால் பாயைத் தட்டி, தலையைக் காத்து, அடிபடாமல் விழுவதை முதற்பாடமாக ஆக்கினார். பிடியைத் தாங்க முடியாதவர் தட்டினால் மற்றவர் உடனே விட்டுவிட வேண்டும். ஆகவே ஜூடோ பயில்வோர் முழு வலிமையுடன் பழகியும் பெரும்பாலும் தீங்கின்றி வீடு திரும்ப முடிகிறது. தேர்ச்சியைக் காட்டும் படிநிலைகளை மற்கலையில் கொண்டுவந்தவரும் அவரே.

கல்வியாளர் கானோ

ஜூடோ ஒன்றே அவர் வாழ்வு அன்று. அவர் தொழிலால் ஆசிரியர். தோக்கியோ உயர்நிலை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். நீச்சலையும் நெடுந்தூர ஓட்டத்தையும் மாணவரிடையே வளர்த்தார். ஜப்பானுக்குப் படிக்க வந்த சீன மாணவர்களுக்காக ஒரு பள்ளியும் நடத்தினார். புகழ்பெற்ற சீன எழுத்தாளர் லூ சுன் அங்கே படித்தவர்.

1909ஆம் ஆண்டில் அகில உலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அக்குழுவில் இடம்பெற்ற முதல் மனிதர் இவரே. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முறையாகக் கலந்துகொண்டது. சென்ற வீரர்கள் இருவரே. அவர்களை அழைத்துச் சென்றவர் கானோ.

ஜூடோவின் இரு கொள்கைகளை அவர் வகுத்தார். ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்துவது ஒன்று. நானும் பிறரும் சேர்ந்தே உயர்வது மற்றொன்று. பழகுவதற்குத் துணைவர் இல்லாமல் ஜூடோ கற்க முடியாது. ஆதலால் துணைவரைக் காப்பதும் நம் கடமையாகிறது.

பெண்களும் ஜூடோவும்

அடிதடிக் கலை பெண்களுக்கு எதற்கு என்று கேட்ட காலம் அது. கானோ 1893ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்ணை மாணவியாக ஏற்றார். தம் மனைவிக்கும் புதல்வியருக்கும் கற்பித்தார். 1926ஆம் ஆண்டில் கோடோகனில் பெண்கள் பிரிவு திறக்கப்பட்டது. ஆயினும் பெண்களுக்குப் போட்டிகள் இல்லை. அவர் அதில் மிகவும் எச்சரிக்கையாக இருந்தார். திறந்த கதவு பாதிக்கதவே என்று நமக்குத் தோன்றலாம். அதை முழுவதும் திறந்தவர் கானோவின் மாணவி ஒருத்தியே.

தம் முதல் ஆசான் ஃபுகுடாவை மறவாத கானோ, அவருடைய பேத்தியான கேய்கோ ஃபுகுடாவை ஜூடோ கற்க அழைத்தார். 1935ஆம் ஆண்டில் சேர்ந்த அப்பெண்ணின் உயரம் 5 அடிக்கும் குறைவு. திருமணமா, ஜூடோவா என்ற நிலை வந்தபோது அவர் ஜூடோவையே தேர்ந்தார். பெண் என்பதனால் ஐந்தாம் படிக்கு மேல் ஏறத் தடை இருந்தது. 1953ஆம் ஆண்டில் அப்படியை எட்டிய அவர், ஏறக்குறைய 20 ஆண்டுகள் அங்கேயே நிறுத்தப்பட்டார். 1972இல் தடை நீங்கியது. 2011ஆம் ஆண்டில், தம் 98ஆம் வயதில், அமெரிக்காவில் பத்தாம் படி பெற்றார். 2013இல் மறையும்வரை அவர் ஜூடோ ஆசிரியையாகவே வாழ்ந்தார். 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக் பதக்கப் போட்டியாயிற்று.

கடல் நடுவே மறைவு

1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைத் தோக்கியோவுக்குப் பெறுவதற்காகக் கானோ முதிய வயதிலும் நாடு நாடாகச் சென்றார். 1938இல் எகிப்தின் கெய்ரோ நகரில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் கலந்துகொண்டு, ஹிகாவா மாரு என்னும் கப்பலில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் நிமோனியா கண்டு மே மாதம் 4ஆம் நாள் காலமானார். வயது 77. கரைசேர இரண்டே நாட்கள் இருந்தன. போரின் காரணமாக அந்த ஒலிம்பிக்கும் நடைபெறாமற் போயிற்று. 1964ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது ஜூடோ முதன்முறையாக அதில் இடம்பெற்றது. அதைக் காணக் கானோ இல்லை.

நாம் கற்க வேண்டியது

தோழியரே! ஒரு தற்காப்புக் கலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கக் கானோவின் வாழ்வு நமக்குக் கற்றுத் தருகிறது. அடிபடாமல் விழ அது கற்பிக்கிறதா? சிறிய உடலுக்கும் அதில் இடம் உண்டா? நின்றும் கிடந்தும், இரு நிலையிலும் நம்மைக் காக்குமா? உடன் பழகும் தோழியைக் காப்பாற்றச் சொல்கிறதா? நான்கிற்கும் ஆம் என்று விடை வந்தால் அது நல்ல கலை. நல்ல ஆசிரியரின் முன்னிலையில், பாய் விரித்த தரையில் மட்டுமே பழக வேண்டும். ஆபத்து வரும்போது கூச்சலிட்டு விலகி ஓடுவதே முதல் தற்காப்பு. அதற்கு வழியில்லாதபோதுதான் கலை துணை நிற்கும்.

பெற்றோருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். பெண் பிள்ளை விழுந்தால் என்னவாகும் என்று அஞ்சி எங்களைத் தடுக்காதீர்கள். விழாமல் வளர்ந்தவர் எவரும் இல்லை. விழுந்து எழும் முறையை எங்களுக்குக் கற்றுத் தாருங்கள். பள்ளியில் அடிபட்ட ஒரு மெலிந்த சிறுவன், தன்னை அடித்தவர்களைப் பழிவாங்க முயலவில்லை. தன்னைப் போன்ற எளியவர் அனைவருக்கும் ஒரு கலையைத் தந்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அன்றோ!

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு