கஜுலு லட்சுமிநரசு செட்டியார்

செல்வம் சேர்ப்போர் பலர். சேர்த்ததைப் பிறர்க்கென ஈந்து, இறுதியில் வெறுங்கையராய் நிற்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

1806ஆம் ஆண்டு நீலச்சாய வணிகர் ஒருவரின் மைந்தராய்த் தோன்றிய இவர், தந்தையாரின் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். கம்பெனி ஆட்சியில் மக்கள் குறையை எடுத்துரைப்பார் அரிதாயிருந்த அந்நாளில், 1844இல் ‘கிரசென்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார்.

1846இல் அரசாங்கப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக்கும் யோசனை எழுந்தபோது, அதற்கெதிராகப் பொதுமக்களைத் திரட்டினார். மிஷன் பாடசாலையிற் கற்று, அவ்வாசிரியர்களின் அன்பையும் பெற்றவன் நான். ஆயினும், விரும்பிச் சேர்ந்த பள்ளியில் ஒரு நூலைப் படிப்பது வேறு. பல சமயத்தாரின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் அதனைப் பாடமாக வைப்பது வேறு என்பதை இவர் வரலாறே எனக்கு உணர்த்தியது.

1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். நிலவரி செலுத்த இயலாத குடியானவரைக் கிட்டி பூட்டியும், அண்ணாந்தாள் கட்டியும், வெயிலில் நிறுத்தியும் வதைத்தனர் வரி வசூலிப்போர். பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் வந்தபோது, செட்டியார் அவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று அக்கொடுமையைக் கண்ணாரக் காணச் செய்தார். அதன் பயனாக 1854இல் விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டே அக்குழு சித்திரவதை உண்மையென ஒப்புக்கொண்டது. கம்பெனி ஆட்சி நீங்கவேண்டுமென 14,000 பேருக்கு மேல் கையொப்பமிட்ட விண்ணப்பமும் இலண்டனுக்குச் சென்றது.

1863இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். பதவி வந்தது, பொருளோ பொதுப்பணியிற் கரைந்தது. 1868இல் வறியவராகவே காலமானார்.

அன்பர்களே! வரிக்கொடுமையிற் குடியானவர் துடித்த அப்பத்தாண்டுகளிலேதான், சென்னை மாகாணத்து ஏழைகள் கடல் கடந்து, காடு கடந்து, நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். அவர் வழிவந்த நமக்குச் செட்டியார் அந்நியரல்லர். குறைகளைக் குடிசை வாயிலில் அமர்ந்து முணுமுணுப்பதாற் பயனில்லை. நேரிற் சென்று கண்டு, எழுதி, பலர் கையொப்பம் திரட்டி, கேட்க வேண்டியவரின் செவியில் விழச் செய்தல் வேண்டும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த இளைஞன் ஒருவன் லயத்துக்கு லயம் இருந்தாற் போதும்.